குடமும் பலகையும்
றொக்கபில்லி இசைக்கு மின்கித்தார் தெரிந்த வரலாறு

வலிகாமத்தின் நடுவே அமைந்த உடுவில், பல்வேறு ஒலிகள் வந்து கலந்த ஊராகும். 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தடைந்த அமெரிக்க மிசனரிமார் இவ்வூரிலும் தமது நிலையமொன்றை நிறுவினர். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் இங்கே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். ஞானப்பாட்டுகளும் அவற்றோடு மேலைத்தேயச் சுரமுறையும் ஊருக்குள் நுழைந்தமை இவ்வழியிலேயாம். அயலூராகிய இணுவிலோ நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பேர்போனது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த மண் அது. மருதனார்மடத்தில், பின்னாளிற் பல்கலைக்கழகத்தின் அங்கமாகிய இராமநாதன் நுண்கலைக் கழகத்தில், வீணையும் வயலினும் முறையாகப் பயிற்றப்பட்டு வந்துள்ளன. ஒரு சைக்கிள் ஓட்டத்தின் தூரத்துள் இத்தனை கருவி மரபுகள் அடங்கியுள்ள பகுதி குடாநாட்டில் வேறு உண்டோ என்பது ஐயமே.

இக்கருவிகளுட் பலவற்றுக்குப் பொதுவான பண்பொன்று உண்டு. தவிலின் பலாக்கட்டை உள்ளே குடையப்பட்டது. வீணையின் குடமும் அவ்வாறே. வயலினின் உடலோ மெல்லிய பலகைகளாலான பெட்டி. பண்டைய யாழுக்கும் பத்தர் எனப்பெற்ற உறுப்பு இன்றியமையாததாயிற்று. பொருநராற்றுப்படை முதலிய பாட்டுகள் அதனை வருணிக்கின்றன. 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' வாயிலாக விபுலானந்த அடிகள் அவ்வழிந்த கருவியின் அமைப்பை மீட்டறிய முயன்றார். மீட்டப்படும் தந்தி தானாக எழுப்பும் ஒலி மிகச் சிறிது. அதன் அதிர்வைக் குதிரையின் வழியாக மேற்பலகை ஏற்று, உள்ளேயுள்ள காற்றையும் அசைத்துப் பெருக்கினாலன்றி அவ்வொலி அவையை எட்டாது. மின்சாரம் அப்பெருக்கும் தொழிலைத் தானே ஏற்றுக்கொண்டபின் உள்வெளிக்கு இனி என்ன வேலை? உடுவிலுக்கு மிசனரிமாரை அனுப்பிய அதே அமெரிக்காவில், ஆயின் அம்மிசனரிமார் புறப்பட்ட வடகிழக்கிலன்றித் தென்னாட்டில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வினாவுக்கு விடை காணவேண்டிய தேவை எழுந்தது. அவ்விடை றொக்கபில்லி என்னும் இசையோடு பின்னிப் பிணைந்தது.

வசதி கருதி இங்கே, உள்ளே வெளியுடைய மின்கித்தார் குடக்கித்தார் எனவும், திண்ணிய மரத்தாலானது பலகைக் கித்தார் எனவும் வழங்கப்பெறும்.

குடக்கித்தார் றொக்கபில்லிக்காகப் பிறந்ததன்று. மிச்சிக்கன் மாநிலத்துக் கலமசூ நகரிலிருந்த கிப்சன் நிறுவனம் 1922இல் எல்-5 என்னும் கித்தாரை வெளியிட்டது. வயலினைப் போன்று வளைவாகச் செதுக்கிய மேற்பலகையும், அதில் 'எஃப்' எழுத்துவடிவத் துளைகளும் கொண்ட கருவி அது. நடன மண்டபங்களிற் பித்தளை ஊதுகருவிகளின் முழக்கத்தினிடையே கித்தார்க்காரனின் தாளமும் கேட்கவேண்டும் என்பதே அதன் நோக்கமாகும். எனினும் எத்துணைப் பெரிய குடமும் எக்காளத்தோடு போட்டியிட இயலவில்லை. 1936இல் அந்நிறுவனம் இ.எஸ்.-150 என்னும் மின்கித்தாரை வெளியிட்டது. காந்தத்தையும் அதனைச் சார்ந்த செப்புக்கம்பிச் சுருளையும் கொண்ட 'பிக்கப்' என்னும் உறுப்பு, உருக்குத் தந்தியின் அசைவை மின்னோட்டமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பியது. பெயரிலுள்ள 150 என்பது ஒலிபெருக்கியும் சேர்ந்த ஏறத்தாழ 150 டொலர் விலையைக் குறித்தது. 1939இல் பெனி குட்மனின் குழுவிற் சேர்ந்த சாளி கிறிஸ்ரியன் என்னும் கறுப்பின இளைஞர், இக்கருவியைக் கொண்டு கித்தாரைத் தாளத் துணைவன் நிலையிலிருந்து தனிவாசிப்பு நிலைக்கு உயர்த்தினார். 1942இல் அவர் இறந்தபோது வயது 25 மாத்திரமே.

இவ்விடத்தில் ஒன்று நோக்கற்பாலது. பிக்கப் உணர்வது தந்தியின் அசைவையேயன்றிக் காற்றின் அசைவையன்று. ஆகவே கொள்கையளவிற் குடம் அவ்வேளையே தேவையற்றதாயிற்று. ஆயினும் கைவினைஞர் அறிந்திருந்தது குடத்தைச் செய்யும் தொழில். வாசிப்போர் மடியில் அணைத்துப் பழகியதும் அதுவே. ஆதலாற் குடம் ஒரு பழக்கமாக நிலைத்தது. 1949இல் வெளிவந்த இ.எஸ்.-175இல் செதுக்கிய மரத்துக்குப் பதிலாக ஒட்டுப்பலகை அழுத்தி வளைக்கப்பட்டது. செலவைக் குறைத்த அம்மாற்றம் வேறொரு நன்மையையும் தந்தது. விறைப்பான ஒட்டுப்பலகை ஒலிபெருக்கியின் முன் எளிதில் அதிராது.

1954ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி மெம்பிஸ் நகரத்திலுள்ள சண் ஒலிப்பதிவுக் கூடத்தில் மூவர் கூடினர். பாடியவர் எல்விஸ் பிறெஸ்லி. பில் பிளாக் பெரிய நாற்றந்திப் பாஸ் கருவியை வாசித்தார். மின்கித்தார் ஸ்கொற்றி மூர் கையில் இருந்தது. ஆதர் குறுடப் என்னும் கறுப்பினப் பாடகர் முன்னர் பாடியிருந்த புளூஸ் பாடலொன்றை அவர்கள் வேகமும் துள்ளலும் கலந்து பாடினர். கறுப்பின மக்களின் புளூசும், 'ஹில்பில்லி' என நகரத்தார் இழித்துக் கூறிய மலைநாட்டு வெள்ளையரின் நாட்டார் பாடலும் அங்கே ஒன்றாயின. றொக் என்பதும் ஹில்பில்லி என்பதும் இணைந்து றொக்கபில்லி என்னும் பெயர் பின்னர் வழக்கில் வந்தமைக்குக் காரணம் இக்கலப்பேயாகும்.

அப்பதிவில் மூர் மீட்டியது 1952இல் அறிமுகமான கிப்சன் இ.எஸ்.-295 என்னும் பொன்னிறக் குடக்கித்தார். அன்றைய பதிவிலே தாளக்கருவி எதுவும் இல்லை என்பது மிக முக்கியமானது. பாஸ் தந்திகளை விரற்பலகையில் அறைந்து வாசித்தமையால் எழுந்த 'தக்' என்னும் ஓசையும், கித்தாரின் வெட்டான மீட்டலுமே தாளத்தைத் தாங்கின. கூடத்தின் உரிமையாளர் சாம் பிலிப்ஸ் இரண்டு ஒலிப்பதிவு நாடாப் பொறிகளைப் பயன்படுத்தி, ஒவ்வோர் ஒலியையும் கணப்பொழுது கழித்து ஒருமுறை எதிரொலிக்கச் செய்தார். எழுந்த சுரம் விரைவில் அடங்கினாலன்றி எதிரொலி தனித்துக் கேளாது. இரண்டும் கலந்து குழம்பிவிடும். குடக்கித்தாரில் தந்தியின் ஆற்றலிற் பெரும்பங்கை மேற்பலகை உறிஞ்சிவிடுவதால், சுரம் பளிச்சென எழுந்து விரைவில் தணிகிறது. மின்சார யுகத்திற் குறையெனக் கருதத்தக்க அவ்வியல்பு இவ்விசையிற் பெருந்துணையாயிற்று. பழக்கத்தால் எஞ்சியிருந்த உள்வெளிக்கு எவரும் எதிர்பாராத வேலையொன்று கிடைத்தது எனலாம்.

மூர் 1955இல் விலையுயர்ந்த எல்-5 வகை மின்கித்தாருக்கு மாறினார். அவ்வாண்டிலேயே இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த றே பட்ஸ் என்பவர் அமைத்த, நாடா எதிரொலியைத் தன்னுள்ளேயே கொண்ட ஒலிபெருக்கியையும் வாங்கினார். கூடத்தின் சுவர்களுக்குள் மட்டும் கிடைத்த ஒலி இதனால் மேடைக்கு வந்தது. கருவியின் வரலாற்றைக் கருவி செய்தோர் பெயரோடு மாத்திரம் எழுதுவோர் இத்தகைய மனிதரை மறந்துவிடுகின்றனர். றே பட்சின் பெயர் மீண்டும் வரும்.

றொக்கபில்லி என்றவுடன் பலருடைய மனக்கண்ணில் தோன்றும் கித்தார் கிப்சன் அன்று; செம்மஞ்சள் நிறக் கிறெற்ச் 6120 என்பதே. ஜேர்மனியிலிருந்து குடியேறிய பிறீட்றிக் கிறெற்ச் 1883இல் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் பாஞ்சோவும் மேளமும் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1950களின் நடுப்பகுதியில், நாஷ்வில் நகரத்துக் கித்தார் வல்லுநர் செற் அற்கின்சின் பெயரைச் சூட்டி 6120ஐ விற்பனைக்கு விட்டது. ஏறத்தாழ 16 அங்குல அகலமும் 3 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த ஆழமும் கொண்ட மேப்பிள் ஒட்டுப்பலகை உடல், பிக்ஸ்பி எனப்படும் தந்தியசைக்கும் கைப்பிடி, டி ஆர்மன்ட் பிக்கப்புகள் ஆகியன அதன் உறுப்புகள். மேற்பலகையிற் சூட்டுக்கோலால் இட்டது போன்ற 'ஜி' என்னும் குறி, மெட்டுகளினிடையே கள்ளிச்செடியும் மாட்டுத்தலையும் பொறித்த பதிப்புகள் எனக் கௌபோய் அலங்காரங்களும் பல இருந்தன. அற்கின்ஸ் அவற்றை விரும்பவில்லை. அவை படிப்படியாக நீக்கப்பட்டன. மென்மையான விரல்நடையில் வாசித்த அற்கின்சின் பெயரைத் தாங்கிய கருவி முரட்டு இளைஞரின் இசைக்கு அடையாளமானது விந்தையே.

அவ்விளைஞருட் தலையாயவர் எடி கொக்ரன். அவர் தமது 6120இன் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைக் கழற்றிவிட்டுக் கிப்சனின் பி-90 பிக்கப்பைப் பொருத்திக்கொண்டார். இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தின் விளைவாக அவர் 1960 ஏப்பிரல் 17இல் தமது 21ஆம் வயதில் மறைந்தார். அற்கின்சோ டி ஆர்மன்ட் பிக்கப்பின் இரைச்சலாலும், தந்திகளை இழுக்கும் அதன் வலிய காந்தத்தாலும் மனநிறைவு கொள்ளாதவராய் றே பட்சை நாடினார். சுருள்கள் இரண்டினை எதிரெதிராக இணைத்து மின்னிரைச்சலை ஒழித்த 'பில்ற்றர்றொன்' பிக்கப் அதன் விளைவாகும். 1957இல் அது வெளிவந்தது. அதே காலத்திற் கிப்சனில் செத் லவர் என்பவரும் அதே வழியைக் கண்டறிந்திருந்தார்.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, றொக்கபில்லிக்குக் குடக்கித்தார் ஒன்றே உரியது என முடிவுகட்டுதல் தவறாகும். சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. கார்ள் பேர்க்கின்ஸ் 1955 டிசெம்பரில் சண் கூடத்திலேயே தமது புகழ்பெற்ற பாடலைப் பதிவுசெய்தபோது அவர் கையில் இருந்தது கிப்சன் லெஸ் போல் என்னும் பலகைக் கித்தார். ஜொனி பேர்ணற் குழுவின் போல் பேளிசன், பென்டர் நிறுவனத்தின் பலகைக் கித்தாரை வாசித்தவர். ஜீன் வின்சென்ற்றின் குழுவில் 1956இல் வியத்தகு தனிவாசிப்புகளை வழங்கிய கிளிவ் கலப்பின் கிறெற்ச் டுவோ ஜெற், பார்வைக்குப் பலகை. உள்ளே அறைகள் குடையப்பட்ட மஹொகனி. இடைநிலைக் கருவி என அதனைக் கொள்ளலாம். ஆகவே 1950களின் இளைஞர் தத்தம் கைக்கெட்டியதையும் பணத்துக்கு இயன்றதையும் கொண்டே வாசித்தனர். பொருத்தம் கருதித் தெரிந்தோரும் இருந்தனர். அவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை.

அவ்வாறாயின் செம்மஞ்சட் குடக்கித்தார் எவ்வாறு இவ்விசையின் சின்னமாயிற்று? விடை 1980களில் உள்ளது. 1961, 62 அளவில் 6120இன் உடல் மெலிந்து இருபுறமும் வெட்டப்பட்டது. மேற்பலகைத் துளைகள் அடைக்கப்பட்டு, வண்ணத்தால் வரைந்த போலித் துளைகள் இடப்பட்டன. ஒலிபெருக்கிகள் வலுப்பெறப் பெறக் குடம் ஊளையிடத் தொடங்கியமையே இதன் காரணம். 1967இல் நிறுவனம் போல்ட்வின் என்னும் பியானோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, 1980களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோயிற்று. அந்நிலையில், நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த பிறையன் செற்சர் 'ஸ்ரே கற்ஸ்' குழுவோடு 1980இல் இலண்டன் சென்று, கொக்ரனின் நினைவை ஏந்திய 6120 ஒன்றோடு மேடையேறினார். அக்கருவி 1959இற் செய்யப்பட்டது. செற்சர் பிறந்ததும் அவ்வாண்டிலேயே. அக்குழுவின் வெற்றி பழைய கித்தார்களைத் தேடவைத்தது. கிறெற்ச் குடும்பத்தினர் நிறுவனத்தை மீளப் பெற்று, 1989இலிருந்து யப்பானிற் கித்தார்களைச் செய்வித்தனர். எனவே சின்னம் என்பது முதற்காலத்தின் வழக்கமன்று. கால் நூற்றாண்டு கழித்து ஒரு தலைமுறை தன் முன்னோரிடையே தெரிந்தெடுத்த நினைவு. வரலாற்று மாணவர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

இவற்றை அறிந்தபின் ஒருவர் கருவியைத் தெரிவது எங்ஙனம்? முதலில் வினவவேண்டியது சுரம் எவ்வளவு நேரம் உயிரோடிருத்தல் வேண்டும் என்பதே. விரைந்தடங்கும் வெட்டொலி வேண்டுமெனின் முழுக்குடமும், ஒட்டுப்பலகை மேற்பலகையும், ஆணியடியாது தந்தியின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் குதிரையும் பொருந்தும். உரத்த மேடையில் வாசிக்க வேண்டியவருக்கு, 1958இல் கிப்சன் அறிமுகஞ்செய்த இ.எஸ்.-335 போன்று நடுவே திண்ணிய மரக்கட்டை வைத்த மெல்லுடற் கருவி உதவும். ஆனால் அது சுரத்தை நீட்டிவிடும். இவ்விரண்டுக்கும் இடையே கிறெற்ச் ஒரு வழி கண்டது. 1950களின் இறுதியில் மேற்பலகையையும் கீழ்ப்பலகையையும் பாலத்தின் தூண்கள் போன்ற தாங்குகட்டைகளால் உள்ளே இணைத்தது. காற்று குடத்துள் உலாவும். பலகையோ கட்டுமீறி அதிராது. செற்சரின் 1959ஆம் ஆண்டுக் கருவியின் ஒலி இவ்வமைப்பினது. பிக்கப்பைப் பொறுத்தவரை டி ஆர்மன்ட் கூர்மையும் இரைச்சலும் கூடியது. பில்ற்றர்றொன் அமைதியானது, எனினும் பளபளப்புக் குன்றாதது. தந்திகள் சற்றுத் தடித்திருத்தல் நன்று, மிதக்கும் குதிரை மெல்லிய தந்தியின்கீழ் இடம்பெயரும். நிறத்தைப் பற்றிப் பேசவேண்டியதில்லை. ஆயினும் விற்பனையில் அதுவே முதலிடம் பெறுகிறது போலும்.

இதே வினாவுக்கு நேரெதிரான விடையைத் தென்னிந்தியாவிலே காணலாம். 1969இல் ஆந்திரத்துப் பாலகொல்லுவிற் பிறந்து, 1978இல் அரங்கேறிய யூ. சிறீநிவாஸ், மண்டலினைக் கருநாடக இசைக்குரியதாக்கினார். மண்டலினின் சுரம் மீட்டியவுடன் மாய்வது. கமகத்தை அதில் நிகழ்த்துதல் அரிது. ஆகவே அவர் மரபான இரட்டைத் தந்திகளைக் களைந்து ஒற்றைத் தந்திகள் ஐந்தினைப் பூட்டியதுடன் மின்மண்டலினையும் ஏற்றுக்கொண்டார். ஒரு மீட்டலில் எழுந்த சுரம் அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும்வரை நிலைக்கவேண்டும் என்பது அவர் இசையின் தேவை. குடத்தை விடுத்தமையால் மரபை இழந்தார் என்று அவரைக் குறைகூற முடியாது. கமகத்தைக் காத்தமையால் மரபையே தேர்ந்தார். மெம்பிஸ் இளைஞர் சுரம் விரைவில் அடங்க வேண்டினர், சிறீநிவாஸ் அது நீள வேண்டினார். இசைக்கேற்பக் கருவியும் வேறுபட்டது.

ஈழத்தில் இவ்வலை வேறு வடிவிற் கரையேறியது. இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக சேவை மேலைத்தேயப் பாடல்களை வீட்டு விறாந்தைகளுக்குக் கொணர்ந்தது. 1960களின் இறுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய தமிழ்ப் பொப் அல்லது துள்ளிசை, கித்தாரைப் பைலாத் தாளத்தோடு இணைத்தது. மேடையில் எள்ளலும் பேச்சுவழக்கும் மேலோங்கிய அவ்விசைக்குக் கித்தார் தாளத் துணையாகவே பெரிதும் நின்றது. சாளி கிறிஸ்ரியனுக்கு முன்னிருந்த அதன் பழைய பணியை அது இங்கே மீண்டும் ஏற்றது எனலாம். பண்டிதர் சிலர் அதனை இசையெனவே ஒப்பவில்லை. ஹில்பில்லி என நகரத்தார் நகைத்தமையும் இதுவும் ஒருதன்மையனவே.

குடத்துக்கும் பலகைக்கும் இடையிலான தெரிவு உடுவில் போன்ற ஊருக்கு வெறும் சுவை பற்றியதன்று. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு மின்வழங்கலை இழந்தது. மின்நிலையம் அமைந்த சுன்னாகம் உடுவிற் பிரதேசப் பிரிவிலேயே உள்ளது. அதன் அயலிலும் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவின் மின்னில் வானொலி கேட்ட ஆண்டுகள் அவை. அத்தகைய இரவில் ஒரு பலகைக் கித்தார், எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், பக்கத்திலிருப்பவனுக்கே அரிதிற் கேட்கும். குடக்கித்தாரோ, ஒட்டுப்பலகையின் விறைப்பால் ஒலி குன்றியதாயினும், ஒரு திண்ணையிற் கூடியிருப்போருக்குப் பாட்டோடு சேர்ந்து கேட்கும். கலமசூவில் பழக்கத்தாலும், மெம்பிசில் தற்செயலாலும் நிலைத்த உள்வெளிக்கு மின்னற்ற நாட்டில் மூன்றாவது நியாயமொன்று உண்டு.

இக்காரணம் பற்றியே கருவி வாங்கச் செல்பவர் கடைக்காரர் நீட்டும் கம்பியை உடனே செருகாது, முதலில் மின்னின்றி மீட்டிப் பார்த்தல் தகும். ஒட்டு விட்ட தாங்குகட்டை அப்போதுதான் 'கிர்' என்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒலிபெருக்கியைத் திறந்தபின் அது கேளாது. தவிற்கட்டை வாங்குவோர் விரலாற் சுண்டிப் பார்ப்பதும் இதற்காகவே.